இஸ்தான்புல்: "பட்டணத்துக்கு" என்றொரு ஊர்ப்பெயர்

இஸ்தான்புல் துருக்கிச் சொல் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 1453இல் நகரைப் பிடித்த உஸ்மானியத் துருக்கியரின் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், கான்ஸ்டான்டிநோபிள் என்ற பெயரை எடுத்துவிட்டு இதை வைத்தார் என்று ஒரு கதையும் உண்டு. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது. மூலம் கிரேக்கம்.

'இஸ் தின் போலின்' என்பது பேச்சு வழக்கு. 'போலிஸ்' என்றால் நகரம். 'இஸ்' நம் நான்காம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. சேர்த்தால் "பட்டணத்துக்கு". சுற்றுவட்டாரத்தாருக்குப் பட்டணம் என்றால் அது ஒன்றுதான், பெயர் சொல்லத் தேவையில்லை. "பட்டணத்துக்குப் போயிருக்கான்" என்றால் சென்னைதான் என்று நம் கிராமங்கள் ஒரு காலத்தில் புரிந்துகொண்டதும் இப்படித்தான். அங்கே உருபையும் விழுங்கி ஊர்ப்பெயர் ஆகிவிட்டது!

கிரேக்கர் தம் தலைநகரை இப்படி அழைப்பதை அரபு அறிஞர் அல் மசூதி 10ஆம் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். உஸ்மானியர் நகருக்குள் நுழைய அப்போது இன்னும் 500 ஆண்டுகள் இருந்தன. நுழைந்த பிறகும் அவர்கள் நாணயங்களில் பொறித்தது 'கொஸ்தந்தினியே' என்ற பழைய பெயரைத்தான். அஞ்சலில் இஸ்தான்புல் என்றே எழுத வேண்டும் என்று வெளிநாடுகளுக்குத் துருக்கி கறாராகச் சொன்னது 1930இல்.

அதற்கும் முந்தைய பெயர் பைசாந்தியோன். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் மெகாரா என்ற கிரேக்க நகரிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர்; பைசாஸ் என்ற தலைவனின் பெயர் என்பது மரபுக் கதை. கி.பி. 330 மே 11 அன்று ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் இதைத் தன் தலைநகராக்கித் திறந்துவைத்தான். 'புதிய ரோம்' என்றும் அழைத்தார்கள், ஆனால் நிலைத்தது 'கான்ஸ்டான்டிநோபொலிஸ்'தான். (இந்த நகரைத் தலைநகராகக் கொண்ட ரோம அரசுக்கு 'பைசாந்தியப் பேரரசு' என்பது பிற்கால அறிஞர்கள் ஒட்டிய பெயர். அங்கே வாழ்ந்தவர்கள் கடைசிவரை தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.)

சரி, தமிழில்? 'போலிஸ்' என்பதற்கு நகர், புரம், பட்டணம் எல்லாம் பொருந்தும். மூன்று பக்கம் நீர் சூழ்ந்த துறைமுக நகர் என்பதால் என் ஓட்டு 'பட்டினம்': கான்ஸ்டன்டைன்பட்டினம். 'கான்ஸ்டான்டிநோபிள் நகரம்' என்று எழுதினால் நகரம் இரண்டு முறை வந்துவிடுகிறது, 'கேட்டு வாசல்' மாதிரி. இஸ்தான்புல்லை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். "பட்டணத்துக்கு" என்று வரைபடத்தில் எழுத முடியாதே.

கிரேக்கர்கள் இன்றும் அந்த ஊரை வெறும் 'போலி' என்றுதான் சொல்கிறார்கள். நகரம் என்ற பொருளில்தான், நம் காதுக்குத்தான் வேறு மாதிரி விழும்.