ரெட்டைக் குழந்தை என்றாலே ஆபரேஷன்தானா?

"தேதி மட்டும் சொல்லுங்க டாக்டர், நல்ல நேரம் நாங்க பார்த்துக்கிறோம்" என்றார் கணவர். மனைவிக்கு 33 வாரம், வயிற்றில் இரண்டு. காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதில் மூன்று தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. கூட வந்திருந்த மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "எங்க சின்னம்மா ரெட்டைப் புள்ளைங்களை வீட்டுலயே பெத்தாங்க. மருத்துவச்சிதான் பார்த்தாங்க" என்றார்.

"ரெண்டும் பொழச்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"மொதப் புள்ள பொழச்சுது."

பெறப்போகிற பெண் மட்டும் எதுவும் பேசவில்லை. என் அறையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

ரெட்டைக் கர்ப்பம் என்றதும் வீட்டில் இந்த இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒரு பக்கம், ரெட்டை என்றால் கத்திதான் என்பவர்கள். இன்னொரு பக்கம், அந்தக் காலத்தில் எல்லாம் தானாகப் பிறக்கவில்லையா என்பவர்கள். இரண்டு பேருமே தப்பான இடத்தில் பதிலைத் தேடுகிறார்கள். வயிற்றில் இரண்டு இருக்கிறது என்பது மட்டுமே எதையும் முடிவு செய்வதில்லை. இரண்டுக்கும் நஞ்சுக்கொடியும் பனிக்குடமும் எப்படி அமைந்திருக்கின்றன, முதலில் வரப்போகும் குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, இரண்டாவது குழந்தை வரும் நேரத்தில் அந்த அறையில் யார் இருப்பார்கள் என்பவைதான் முடிவு செய்கின்றன.

அவர்கள் கொண்டுவந்திருந்தது போன வாரம் எடுத்த ஸ்கேன். நான் கேட்டதோ மூன்றாம் மாதம் எடுத்த முதல் ஸ்கேனை. "அது பழசாச்சே டாக்டர்" என்றார் கணவர். பழசுதான், ஆனால் ரெட்டைக் கர்ப்பத்தில் அதைவிட முக்கியமான காகிதம் வேறில்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்தால்தான் இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் உள்ள சவ்வு நஞ்சுக்கொடியில் சேருகிற இடம் தெளிவாகத் தெரியும். அங்கே சதை ஆப்பு மாதிரி ஏறி நின்றால் நஞ்சுக்கொடி தனித்தனி. சவ்வு மெல்லிய கோடாக நேரே வந்து முட்டினால் நஞ்சுக்கொடி ஒன்றுதான், இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மாதம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும்.

இது ஏன் முக்கியம்? இரண்டு குழந்தைகளும் ஒரே பனிக்குடத்துக்குள் இருந்தால் தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அங்கே பேச்சுக்கே இடமில்லை, 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன்தான். நல்லவேளை, இது அரிது. நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு என்றால் சிக்கல் இல்லாதபோது 36 வாரத்தை ஒட்டியும், எல்லாமே தனித்தனி என்றால் 37 வாரத்தை ஒட்டியும் பிரசவத்தைத் திட்டமிடச் சொல்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ். இந்த இரண்டு வகையிலும் சுகப்பிரசவத்துக்கு வழி உண்டு. ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் பாய்வது, ஒன்று மட்டும் வளராமல் நிற்பது போன்ற சிக்கல் வந்துவிட்டால் கணக்கு மாறும்.

(ரெட்டை வாழைப்பழம் சாப்பிட்டதால்தான் ரெட்டை தங்கியது என்று இன்றும் என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. குழந்தையின்மைச் சிகிச்சை எடுத்துவிட்டுப் பழத்தின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு.)

அடுத்தது, குழந்தைகள் இருக்கும் நிலை. வாசலுக்கு அருகில் இருக்கும் குழந்தைதான் முதல் குழந்தை. அதன் தலை கீழே இல்லை என்றால், அதாவது பிட்டமோ காலோ கீழே, அல்லது குறுக்கே கிடக்கிறது என்றால், சிசேரியன்தான் என் யோசனை. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாசலை மறைத்திருந்தாலும் அப்படித்தான். முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால் இரண்டாவது எப்படி இருந்தாலும் உட்கார்ந்து பேசலாம். இரண்டாவது முதலாவதைவிட ரொம்பப் பெரிதாக இருந்தாலோ, முன்பே ஒரு சிசேரியன் ஆகியிருந்தாலோ அந்தப் பேச்சு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. கனடாவைத் தலைமையிடமாகக் கொண்டு 25 நாடுகளில் சுமார் 2,800 ரெட்டைக் கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2013இல் வெளியானது. எல்லோருக்கும் முதல் குழந்தையின் தலை கீழே. பாதிப்பேருக்குச் சிசேரியன் திட்டம், பாதிப்பேருக்குச் சுகப்பிரசவத் திட்டம். குழந்தை இறப்பது அல்லது கடுமையாகப் பாதிக்கப்படுவது முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 1.9 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

ஆனால் அதே ஆய்வில் சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் இரண்டு குழந்தைகளையும் அப்படியே பெற்றவர்கள் 56 சதவீதம்தான். கிட்டத்தட்ட 40 சதவீதம் பேருக்கு இரண்டுமே சிசேரியனில் வந்தன. நூற்றுக்கு நான்கு பேருக்கு முதல் குழந்தை சுகமாகப் பிறந்து, இரண்டாவதற்கு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. பிரான்ஸில் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பெண்களைக் கவனித்து 2017இல் வெளியான ஆய்விலோ, சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 80 சதவீதம் பேருக்கு இரண்டும் அப்படியே பிறந்தன. என் கணிப்பில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு பெரிய காரணம் கைப்பழக்கம். இரண்டாவது குழந்தையைக் கால் பிடித்து வெளியே எடுக்கும் பழக்கம் அங்கே இன்னும் அற்றுப்போகவில்லை.

அந்தப் பழக்கம் என்ன என்று கொஞ்சம் விளக்குகிறேன். முதல் குழந்தை பிறந்ததும் அறையில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் நான் சிரிக்க மாட்டேன். கருப்பை சட்டென்று தளர்ந்து உள்ளே இடம் நிறைய ஆகிவிடும், அதுவரை நேராக இருந்த இரண்டாவது குழந்தை குறுக்கே திரும்பிவிடலாம். அதனால் ஒருவர் தாயின் வயிற்றின் இரண்டு பக்கமும் கை வைத்துக் குழந்தையை நேராகப் பிடித்துக்கொண்டே நிற்பார். ஸ்கேன் கருவி கட்டில் ஓரத்துக்கு வந்துவிடும். இதயத் துடிப்பு இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வலி தணிந்துவிட்டால் டிரிப்ஸில் மருந்து ஏற்றுவோம். தலை கீழே இறங்கி உட்கார்ந்த பிறகுதான் பனிக்குடத்தை உடைப்போம். அவசரப்பட்டு முன்பே உடைத்தால் தொப்புள்கொடி முந்திக்கொண்டு கீழே நழுவிவிடும்.

குழந்தை குறுக்கே இருந்தால் கையை உள்ளே விட்டுக் காலைத் தேட வேண்டும். பனிக்குடம் உடையாமல் இருக்கும்போதே தேடினால் குழந்தை சுலபமாகத் திரும்பும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் விரல் சொல்வதுதான். கையா காலா என்று சந்தேகம் வந்தால் குதிகாலைத் தடவிப் பார் என்று என் ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். கைக்குக் குதிகால் கிடையாது. காலைப் பிடித்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தால், பெரும்பாலும் சில நிமிடங்களில் குழந்தை வெளியே வந்துவிடும். முதுகில் எபிடூரல் என்ற வலி மரப்பு மருந்து போட்டிருந்தால் இதெல்லாம் தாய்க்குத் தாங்கும்படி இருக்கும்.

இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுக்க எடுத்தால் 21.5தான். சிசேரியனை மட்டுமே பார்த்துப் பழகும் இளம் மருத்துவர்கள் காலைத் தேடும் வித்தையை எங்கே கற்பார்கள்? என் ஆரம்ப வருடங்களில் ஓர் இரவு, முதல் குழந்தை பிறந்தபின் இரண்டாவதன் துடிப்பு விழுந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. என் கைக்கு அப்போது தைரியம் இல்லை, தியேட்டருக்கு ஓடினோம். குழந்தை பிழைத்தது. ஆனால் அந்தத் தாய்க்குக் கீழேயும் தையல், வயிற்றிலும் தையல்.

அதனால் உங்கள் மருத்துவமனையில் வெட்கப்படாமல் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கும் மயக்க மருத்துவர் இருப்பாரா? தியேட்டர் எவ்வளவு தூரம்? குழந்தை மருத்துவர் இருவரையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியுமா? ரத்தம் தயாராக இருக்குமா? ரொம்பப் பெருத்த கருப்பை பிரசவத்துக்குப் பிறகு சுருங்க மறுத்து ரத்தப்போக்கு அதிகமாவது ரெட்டையில் சகஜம். எந்த வழியில் பெற்றாலும் அந்த ஆபத்து உண்டு. "இங்கே அந்த வசதி இல்லை" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவரை மட்டமாக நினைக்காதீர்கள். அது நேர்மையான பதில். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், அதையும் வலி வருவதற்கு முன்பே போங்கள்.

சிசேரியனுக்கும் விலை உண்டு. புண், தொற்று, காலில் ரத்தம் உறைவது, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரூன்றிக்கொள்வது. வலியே வராமல் சீக்கிரமாக எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகம். நல்ல நேரத்துக்காக ஒரு வாரம் முன்கூட்டியே எடுங்கள் என்கிறவர்களுக்கு நான் மறுப்பது இதனால்தான். அதே சமயம், சுகப்பிரசவம் என்ற பெயர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. சிசேரியனில் பெற்றவள் எதையோ தவறவிட்டவள் என்பது போல ஒரு குற்ற உணர்ச்சியை அந்தச் 'சுகம்' கிளப்பிவிடுகிறது.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். பெண்ணின் தம்பி முதல் ஸ்கேனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆப்பு தெளிவாகத் தெரிந்தது, நஞ்சுக்கொடி தனித்தனி. முதல் குழந்தை தலை கீழே, இரண்டாவது குறுக்கே. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ரெண்டாவதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உடனே ஆபரேஷன் பண்ணிடுவீங்கதானே?" என்றாள்.

செய்வோம் என்றேன். தியேட்டருக்குப் பக்கத்திலேயே பிரசவம் பார்ப்போம் என்பதையும் சொன்னேன். "அப்போ வலி வரட்டும், பார்க்கலாம்" என்றாள். அதே மாதம் இன்னொரு பெண்ணுக்கு முதல் குழந்தையின் பிட்டம் கீழே இருந்தது. அவளுக்குச் சிசேரியன் செய்தோம், அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

36 வாரம் 5 நாளில், வட்டம் போட்ட தேதி எதிலும் சேராத ஒரு நள்ளிரவில், அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. காலையில் முதல் குழந்தை பிறந்தது. குறுக்கே கிடந்த இரண்டாவதைக் கால் பிடித்து எடுத்தோம். இடைவெளி 14 நிமிடம். தாய்க்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நர்ஸ் இரண்டு குழந்தைகளையும் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனபோது, "எது ரெண்டாவது?" என்று கேட்டு அதைத்தான் முதலில் கையில் வாங்கினாராம் மாமியார்.