மலைக்குக் கிளம்பும் கேரவனில் ஹீட்டர் சூடாகவில்லையா? முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓடும் கேரவன்களிலும், உள்ளே படுக்கை, அடுப்பு வைத்து மாற்றிக் கட்டிய வேன்களிலும் டாஷ்போர்டு ஹீட்டரை யாரும் தொடுவதே இல்லை. நம்ம ஊரில் அதற்கு என்ன வேலை? டிசம்பரில் மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போதுதான் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புவார்கள். வெதுவெதுவென்று ஏதோ வரும்; கண்ணாடியில் படிந்த ஆவி மட்டும் போகாது. கொண்டை ஊசி வளைவில் இது குளிர் பிரச்சினை இல்லை, பார்வைப் பிரச்சினை.

இந்த ஹீட்டருக்கெனத் தனி அடுப்பு கிடையாது. என்ஜினைச் சுற்றிச் சூடான கூலன்ட்டில் (என்ஜினை ஆற்றும் திரவம்) ஒரு பங்கு டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. புளோயர் அதன் மேல் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். அதனால் சூடு குறைந்தால் கோளாறு பெரும்பாலும் என்ஜின் கூலிங்கில் இருக்கும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பல வண்டிகளில் கோர் உயரமான இடத்தில் இருப்பதால், கூலன்ட் குறைந்தால் டெம்பரேச்சர் முள் காட்டுவதற்கு முன்பே ஹீட்டர் காட்டிக்கொடுக்கும். அளவு சரி என்றால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, குமிழை முழுச் சூட்டில் வைத்து, ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) வழியாக உள்ளே போகும் இரண்டு ஹோஸையும் பாருங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. கையால் தொடுவதென்றால் என்ஜினை நிறுத்திவிட்டுத் தொடுங்கள். பெல்ட்டும் ஃபேனும் பக்கத்திலேயே இருக்கின்றன.

இரண்டும் ஒரே மாதிரி சூடா? கூலிங்கில் குறை இல்லை, காற்றுப் பக்கம்தான் கோளாறு. ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சியா? கோர் அடைத்திருக்கிறது, அல்லது கோருக்குள் கூலன்ட்டை விடும் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பா? தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துக் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), இல்லையென்றால் ஏர் லாக் (குழாயில் காற்று மாட்டிக்கொள்வது).

நம்ம பக்கத்து வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மோஸ்டாட்டைத்தான். மே மாத வெயிலில் வண்டி ஒருமுறை ஹீட் ஆனால் போதும், "வால்வைக் கழட்டிடலாம் சார், ஃப்ரீயா ஓடும்" என்பார்கள் மெக்கானிக்குகள். பெரும்பாலான என்ஜின்களில் அந்த வால்வு 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அதுவரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாது. அதைக் கழற்றினால் ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே எல்லாம் ரேடியேட்டர் வழியாக ஓடி ஆறிக்கொண்டே இருக்கும். கடலூர் வெயிலில் இது தெரியாது. மலைக் குளிரில் என்ஜினே சூடேறாது. டீசலும் கூடுதலாகக் குடிக்கும். சில என்ஜின்களில் பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் கூலன்ட் என்ஜினுக்கே திரும்பும் வழி) மூடுவதும் அதே வால்வுதான். அங்கே கழற்றினால் கோடையில் ஹீட் ஆவது இன்னும் மோசமாகும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மேல் ரேடியேட்டர் ஹோஸ் மெல்ல மெல்லச் சூடேறினால், வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. புதிதாகப் போடும்போது ஸ்பிரிங் பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

அடுத்த குற்றவாளி போர் தண்ணீர். கடலோரத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் துருவும் சுண்ணாம்புப் படிவும் கோரின் மெல்லிய குழாய்களில்தான் முதலில் சேரும். இரண்டு ஹோஸையும் கழற்றி, வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டத்துக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். காவி நிறம் போய்த் தெளிவாக வரும்வரை விட்டு, பிறகு எதிர்ப்பக்கமும் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பைக் காட்ட வேண்டாம். இந்தச் சிஸ்டம் தாங்குவது சுமார் 1 பார் அழுத்தம். பழைய கோர் பிளந்துவிடும். பிறகு வண்டியின் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். எத்திலீன் கிளைக்கால் என்றால் இந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. லடாக் போகிறவர்களுக்கு இது உயிர்நாடி. வெறும் தண்ணீர் உறைந்தால் என்ஜின் பிளாக்கே வெடிக்கலாம். வடித்த பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

கூலன்ட் மாற்றியதும் டாஷ்போர்டுக்குள் 'களக் களக்' என்று சத்தம் வந்தால் ஏர் லாக். படுக்கைக்கு அடியில் பின் ஹீட்டரும் இருக்கும் வண்டியில் ஹோஸ் சேசிஸ் நெடுக ஓடுவதால் காற்று எளிதில் மாட்டும். முன்பக்கம் உயரும்படி சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, இரண்டு ஹீட்டரையும் முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். குமிழ்கள் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்து, கூலன்ட் பொங்கத் தொடங்குவதற்கு முன் மூடிவிடுங்கள். ஆறவிட்டு மறுபடி அளவு பார்த்து நிரப்புங்கள். பின் ஹீட்டர் வால்வை மூடினால் முன்னால் சூடு வருகிறதா? அப்போது ஓட்டம் பின்னால் பங்கு போய்விடுகிறது. வாட்டர் பம்பைப் பாருங்கள்.

காற்றுப் பக்கத்தில் கேபின் ஃபில்டர் அடைப்பு, கழன்ற ஃபிளாப் கேபிள் (சூடான காற்றுக்கு வழி திறக்கும் மடலை இழுக்கும் கம்பி), உப்புக் காற்றில் பச்சை பூத்த புளோயர் கனெக்டர். புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் ஸ்பீடைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். மாற்றிக் கட்டிய வண்டிகளில் ஒயர் இழுக்க ஃபயர்வாலில் போட்ட ஓட்டைகளை அடைக்காமலே விட்டிருப்பார்கள். ஓடும்போது அது வழியாகக் குளிர்காற்று காலில் அடிக்கும். ரப்பர் குரோமெட் போட்டு அடையுங்கள். உள்ளே இனிப்பு வாசனையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் கோர் ஒழுகுகிறது. ஒழுக்கடைக்கும் பவுடர் கோரையே அடைத்துவிடும். கோரை மாற்றுவதுதான் வழி.

ஹீட்டர் சரியில்லை என்று கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ உள்ளே பற்றவைத்துவிட்டுத் தூங்குவதும், ஜெனரேட்டரையோ என்ஜினையோ ஓடவிட்டுத் தூங்குவதும் கொல்லும். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனில் இருவர் இறந்தது கார்பன் மோனாக்சைடால்தான். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்றைப் படுக்கை அருகே மாட்டுங்கள்.

இங்கேயே ஹீட்டரைச் சோதிப்பதென்றால் பகலில் வேண்டாம், 34 டிகிரி வெயிலில் எது ஊதினாலும் சூடாகத்தான் தெரியும். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டி, நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். 50 டிகிரியைத் தாண்டாவிட்டால் சேலம் போகும் முன்பே பட்டறைக்கு விடுங்கள்.