எச்கே205 எப்படி கம205 ஆனது?

ஒரு வாசகர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் ஒரு லேபிள். பார்கோடு, அதற்குக் கீழே ஆங்கிலச் சிறிய எழுத்தில் எச், கே, பக்கத்தில் 205. இரண்டாவது படம் அவருடைய கணினித் திரை. அதே லேபிளை ஸ்கேன் செய்ததும் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பது "கம205". புது ஸ்கேனர், பெட்டியைப் பிரித்து யுஎஸ்பி கேபிளைச் செருகியதோடு சரி, வேறு எதையும் தொடவில்லை, இது பழுதா, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா என்கிறார். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஒவ்வொரு லேபிளுக்கும் பிறகு கையால் என்டர் தட்ட வேண்டியிருக்கிறது, அதை ஸ்கேனரே தட்டும்படி செய்ய முடியுமா?

ஸ்கேனரில் எந்தப் பழுதும் இல்லை. லேபிளைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. படித்ததைக் கணினியிடம் சொன்ன விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதிலும் அங்கேதான்.

படிக்கும் வேலையை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்கேனர் ஒளியைப் பாய்ச்சுகிறது, கறுப்புக் கோடு அதை விழுங்குகிறது, வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்புகிறது, திரும்பி வந்த ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கோடுகளின் அகலத்தை அளந்து, எந்த அகல வரிசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையில் தேடி எழுத்துகளாக மாற்றிக்கொள்கிறது. கடைசியில் ஒரு சரிபார்ப்புக் கணக்கு, அது ஒத்துப்போனால் ஒரு பீப். அந்த பீப்புக்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

யுஎஸ்பியில் செருகும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை "நான் ஒரு கீபோர்டு" என்று சொல்லித்தான் கணினியிடம் அறிமுகமாகின்றன. கணினியும் நம்பிவிடுகிறது. யுஎஸ்பி வருவதற்கு முன்பே இந்த ஏற்பாடு உண்டு. அப்போது கீபோர்டின் கேபிளைக் கழற்றி, நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, அதில் ஸ்கேனரைக் கோர்ப்பார்கள். இடையில் ஆப்பு மாதிரி நுழைந்ததால் அதற்கு 'கீபோர்டு வெட்ஜ்' என்று பெயர். பெட்டி போய்விட்டது, பெயர் மட்டும் செட்டிங் பட்டியல்களில் இன்னும் இருக்கிறது. இதில் பெரிய வசதி என்னவென்றால், தட்டச்சு செய்யக்கூடிய எந்தச் செயலியிலும் ஸ்கேனர் வேலை செய்யும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். நோட்பேடைத் திறந்து வைத்து ஸ்கேன் செய்தால் போதும், ஸ்கேனர் என்ன அனுப்புகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் கீபோர்டு என்பது எழுத்துகளை அனுப்பும் சாதனம் இல்லை. எந்த இடத்திலுள்ள கீ அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும்தான் அது அனுப்பும். யுஎஸ்பி விதிகளின்படி, அமெரிக்கக் கீபோர்டில் 'ஏ' இருக்கும் இடத்துக்கு எண் 4. அங்கிருந்து அகரவரிசையில் எண்ணிக்கொண்டே போனால் எச்சுக்கு 11, கேவுக்கு 14, இசட்டுக்கு 29. இலக்கங்களில் 1க்கு 30, 2க்கு 31, 5க்கு 34 என்று ஏறி, கடைசியாக 0க்கு 39. என்டருக்கு 40. ஆக, வாசகரின் ஸ்கேனர் கணினிக்கு அனுப்பியது இவ்வளவுதான்: 11, 14, 31, 39, 34. இந்த எண்களுக்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது கணினியில் அந்த நேரத்தில் இருக்கும் கீபோர்டு அமைப்பு. அவர் தமிழ்99 வைத்திருந்தார். அதில் எச் இருக்கும் இடத்தில் க, கே இருக்கும் இடத்தில் ம. இலக்கங்கள் அப்படியே இருக்கின்றன. கம205. கணினியும் தன் வேலையைப் பிசகாமல் செய்திருக்கிறது!

இது தமிழுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. ஜெர்மன் அமைப்பில் ஒய்யும் இசட்டும் இடம் மாறிக் கிடக்கும், பிரெஞ்சு அமைப்பில் ஷிஃப்ட் அழுத்தினால்தான் இலக்கங்களே வரும், அதனால் எண்களை ஸ்கேன் செய்தால் திரையில் நிறுத்தற்குறிகளும் மேற்குறியிட்ட எழுத்துகளுமாகக் கொட்டும். இதற்காகவே ஸ்கேனர்களில் 'நாட்டுக் கீபோர்டு' என்றொரு செட்டிங் உண்டு. கணினியில் எந்த அமைப்பு இருக்கிறது என்று ஸ்கேனரிடம் சொல்லிவிட்டால், அதற்கேற்ற இடத்துக் கீயைப் பார்த்து அழுத்தும். தமிழ்99க்கு இந்த வழி உதவாது. பிரெஞ்சு அமைப்பில் ஆங்கில எழுத்து வேறெங்கோ இருக்கிறது, இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. தமிழ்99இல் எச் என்ற எழுத்தே இல்லை, எந்தக் கீயை அழுத்தினாலும் அது வராது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்கேனர் கீயை அழுத்தினால் மட்டும் போதாது, கையை எடுக்கவும் வேண்டும். அது அனுப்பும் ஒவ்வொரு தகவலும் 8 பைட்: முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற துணைக் கீகள், இரண்டாவது காலி, மீதி ஆறில் அழுத்தப்பட்டிருக்கும் கீகளின் எண்கள். முதலில் 11, அடுத்து எல்லாம் பூஜ்ஜியம், அப்புறம் 14, மறுபடி பூஜ்ஜியம். நடுவில் அந்தப் பூஜ்ஜியம் வராவிட்டால் '55' என்பதை ஒரே கீயை நீளமாகப் பிடித்திருப்பதாகக் கணினி நினைத்து ஒரு 5 மட்டும் போடும். எனவே ஐந்து எழுத்து, ஒரு என்டர் என்றால் 12 தகவல்கள். 8 மில்லி விநாடிக்கு ஒன்று போகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 96 மில்லி விநாடி. தொலைவிலிருக்கும் கணினியை நெட்வொர்க் வழியாக இயக்குபவர்களுக்குச் சில சமயம் நடுவில் எழுத்துகள் தொலைந்துபோகும். எழுத்துக்கு எழுத்து சற்று தாமதிக்கும் செட்டிங் அதற்குத்தான்.

சரி, என்டர் விஷயத்துக்கு வருவோம். படித்ததன் பின்னால் எதையாவது சேர்த்து அனுப்புவதற்குப் பின்னொட்டு என்று பெயர். பின்னொட்டாக என்டரை வைத்தால் கடைசியில் 40 என்ற கீயையும் அழுத்திவிடும், டேப் வைத்தால் 43. இதை ஸ்கேனருக்கு எப்படிச் சொல்வது? அதற்குத் திரை இல்லை, இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விசை. அதற்குத் தெரிந்த ஒரே வேலை பார்கோடு படிப்பது. அதனால் கட்டளையையே பார்கோடாக அச்சடித்து அதனிடம் காட்டுகிறார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும் பார்கோடுகள் அவைதான்.

இங்கேதான் ஒரு அழகான கேள்வி எழுகிறது. எதிரில் தெரிவது படித்து அனுப்ப வேண்டிய தகவலா, தனக்கே இடப்பட்ட கட்டளையா என்று ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் சொல்லச்சொல்ல இன்னொருவர் கடிதம் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். "அடுத்த பத்தி" என்று குரல் வருகிறது. எழுதுபவர் அந்த இரண்டு சொற்களைத் தாளில் எழுத வேண்டுமா, பேனாவை எடுத்து அடுத்த வரிக்குப் போக வேண்டுமா? மனிதர்கள் குரலின் தொனியை வைத்துப் புரிந்துகொள்கிறோம். பார்கோட்டுக்கும் அப்படி ஒரு தொனியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

கோடு 128 என்று ஒரு பார்கோடு வகை. அதில் ஒரு குறிக்கு மூன்று கோடு, மூன்று இடைவெளி, எல்லாம் சேர்த்து 11 அலகு அகலம். ஒவ்வொன்றும் 1 முதல் 4 அலகு வரை இருக்கலாம். இந்தக் குறிகளில் 96ஆம் எண்ணுடையதை எடுத்துப் பாருங்கள்: 1 அலகுக் கோடு, 1 அலகு வெளி, 4 அலகுக் கோடு, 1 அலகு வெளி, 1 அலகுக் கோடு, 3 அலகு வெளி. மெல்லிய கோடு, ஒட்டினாற்போல் ஒரு தடித்த கோடு, அதையும் ஒட்டினாற்போல் இன்னொரு மெல்லிய கோடு. இதன் பெயர் எஃப்என்சி3. எழுத்துகளுக்கான தொகுதிகளில் இதற்கு எந்த எழுத்தும் கிடையாது, எந்தக் கீயும் கிடையாது, திரையில் இதைக் காட்டவும் முடியாது. "இந்தப் பார்கோட்டில் இருப்பதை யாருக்கும் அனுப்பாதே, உன் செட்டிங்கை மாற்றிக்கொள்ள வைத்துக்கொள்" என்பது மட்டும்தான் இதன் பொருள். சாதாரணத் தகவலில் இது தவறியும் வர வாய்ப்பில்லை, ஏனென்றால் தகவல் எழுதப்படும் எழுத்துகளின் கூட்டத்திலேயே இது இல்லை. தகவலுக்கும் கட்டளைக்கும் நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரின் அகலம் 11 அலகு. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் பூதக்கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு கட்டளைத் தாளில் இருந்த பார்கோடுகளில் அந்த மெல்லிசு, தடிசு, மெல்லிசு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தேன்.

எல்லா ஸ்கேனர்களும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சிலவற்றில் முதலில் 'செட்டிங் தொடக்கம்' என்ற பார்கோட்டையும் கடைசியில் 'முடிவு' என்பதையும் காட்ட வேண்டும், சிலவற்றில் கட்டளைகள் கியூஆர் கோடாக இருக்கும். கதவு பொதுவானதாக இருந்தாலும், கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கட்டளை மொழி வைத்திருக்கிறது. ஒன்றின் தாள் இன்னொன்றுக்கு ஆகாது. இது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத விஷயம். என்டர் சேர், டேப் சேர், ஆரம்ப நிலைக்குத் திரும்பு என்ற மூன்று கட்டளைகளையாவது எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கலாம். அந்தத் தாள் தொலைந்த ஒரே காரணத்துக்காக நல்ல ஸ்கேனர்கள் குப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். தாளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தகவலுக்கும் தகவல் அல்லாத குறிக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால் வந்த ஒரு மூடநம்பிக்கையும் இருக்கிறது. பொருட்களின் மேல் இருக்கும் யுபிசி பார்கோட்டில் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் நீளமான இரட்டைக் கோடு இருக்கும். அவை மூன்றும் 6, 6, 6 என்றும், அது சாத்தானின் எண் என்றும் நெடுங்காலமாக ஒரு பேச்சு. வலதுபாதியில் 6 என்ற இலக்கத்துக்கும் இரண்டு மெல்லிய கோடுகள்தான், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அந்த 6இல் இரண்டாவது கோட்டுக்குப் பிறகு 4 அலகு வெள்ளை இடமும் சேர்ந்து மொத்தம் 7 அலகு. ஓரங்களில் இருக்கும் இரட்டைக் கோட்டின் அகலம் 3 அலகு, நடுவில் இருப்பது 5. "இங்கே தொடங்குகிறது, இது நடு, இங்கே முடிகிறது" என்று சொல்லும் எல்லைக் கற்கள் அவை. எல்லைக் கல்லை நெல்மணி என்று எண்ணிக் கணக்கில் சேர்த்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

மற்ற செட்டிங்குகளில் பல, பட்டியலைப் பார்த்தாலே புரியும். சரிபார்ப்பு இலக்கத்தை அனுப்பலாமா வேண்டாமா, 12 இலக்க யுபிசிக்கு முன்னால் ஒரு 0 சேர்த்து 13 இலக்கமாக அனுப்பலாமா, இது எந்த வகைப் பார்கோடு என்று சொல்லும் முன்னொட்டு வேண்டுமா. ஒன்றில் மட்டும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்துப் பெட்டிகளில் இருப்பது போன்ற பார்கோடுகளில் பல தகவல்கள் வரிசையாக இருக்கும். 10 என்று தொடங்கினால் தொகுதி எண், 21 என்று தொடங்கினால் வரிசை எண், இரண்டுக்கும் நீளம் நிலையில்லை. இப்போது 10512217788 என்று வந்தால் என்ன செய்வது? தொகுதி 512, வரிசை எண் 7788 என்று பிரிக்கலாம். 512217788 முழுவதும் தொகுதி எண்தான் என்றும் சொல்லலாம். இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் நடுவில் ஒரு பிரிப்பான் வைக்கிறார்கள். ஸ்கேனர் அதை ஆஸ்கி (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) 29 என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக மாற்றுகிறது. ஆனால் கீபோர்டில் 29க்கு என்று தனிக் கீ ஏது?

கன்ட்ரோல் கீயை ஏன் கன்ட்ரோல் என்கிறோம் என்பதற்கான பதில் இங்கே இருக்கிறது. ஆஸ்கியில் ] என்ற அடைப்புக்குறியின் எண் 93. இரும எண்ணில் 1011101. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அதை அழுத்தினால் முன்னால் இருக்கும் 64இன் இடம் துடைக்கப்பட்டு 0011101 மிஞ்சும். அதுதான் 29. இதேபோல் எம் 77, அதில் 64 போனால் 13, அது என்டர். ஐ 73, 64 போனால் 9, அது டேப். எனவே ஸ்கேனர் 29ஐச் சொல்ல கன்ட்ரோலோடு ] அழுத்துகிறது. சில செயலிகள் அதைப் புரிந்துகொள்ளும், சிலவற்றில் அது ஏதோ ஒரு குறுக்குவழிக் கட்டளையாகிவிடும், சிலவற்றில் காணாமலே போகும். அந்த எழுத்துக்குப் பதிலாக | போட்டு அனுப்பச் சொல்லி ஸ்கேனரை மாற்றிவைப்பது நல்ல வழி. இந்தப் பார்கோடுகளின் தகவல்களில் அனுமதிக்கப்பட்ட 82 எழுத்துகளில் | இல்லை என்பதால் குழப்பம் வராது.

ஆனால் இதே வழியில் ஆபத்தும் வரும். பார்கோடு கன்ட்ரோல் கீகளை அழுத்தும் என்றால், வேண்டாத கட்டளைகளையும் அழுத்தும். 2015இல் டென்சென்ட் நிறுவனத்தின் ஷுவான்வு ஆய்வகத்தினர் காகிதத்தில் அச்சடித்த பார்கோடுகளை மட்டும் காட்டிக் கணினியில் கட்டளைகளை ஓடவைத்துக் காட்டினார்கள். தேவையில்லாதவர்கள் கன்ட்ரோல் எழுத்துகளை அனுப்பும் செட்டிங்கை அணைத்துவிட வேண்டும். செட்டிங் எல்லாம் முடிந்ததும், கட்டளைப் பார்கோடுகளை இனி ஏற்காதே என்ற பூட்டு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

கீபோர்டு வேடமே வேண்டாம் என்றால் சீரியல் முறை இருக்கிறது. யுஎஸ்பி கேபிளிலேயே இதையும் செய்யலாம். இங்கே ஸ்கேனர் கீயின் இடத்தை அனுப்புவதில்லை, எழுத்தின் எண்ணையே அனுப்புகிறது. எச் என்றால் 104, தமிழ்99 இருந்தாலும் பிரெஞ்சு இருந்தாலும் 104, பிரிப்பான் 29 என்றால் 29. ஆனால் அதை வாங்கிக்கொள்ளத் தெரிந்த மென்பொருள் வேண்டும், நோட்பேடில் எதுவும் வராது.

வாசகருக்கு: ஸ்கேன் செய்வதற்கு முன் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டாலே போதும். நாள் முழுக்க இரண்டு மொழியிலும் வேலை என்றால், விண்டோஸில் ஆல்ட் முறை இருக்கிறதா என்று தாளில் பாருங்கள். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 1, 0, 4 என்று அழுத்தி எச்சைக் கொண்டுவரும் முறை அது. ஒரு எழுத்துக்கு மூன்று நான்கு கீ அழுத்த வேண்டியிருப்பதால் மெதுவாக வரும், ஆனால் கீபோர்டு அமைப்பைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் பின்னொட்டு என்ற பக்கத்தில் என்டருக்கான பார்கோட்டைக் காட்டுங்கள், பீப் வரும். உங்கள் லேபிளை நோட்பேடில் ஸ்கேன் செய்து பாருங்கள். கர்சர் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நின்றால் 40ஆம் கீயை ஸ்கேனர் அழுத்திக் கையையும் எடுத்துவிட்டது.