வலிக்காமல் ஒழுகும் காது

காதில் சீழ் வந்தால் வலிக்கும் என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். சாதாரண நடுக்காதுத் தொற்றில் காது குத்தும், காய்ச்சல் அடிக்கும், செவிப்பறை கிழிந்து சீழ் வெளியேறியதும் வலி அடங்கும். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் ஒழுகும் காதுதான் எனக்குக் கவலை தருகிறது. அதில் சில, காசநோயால் ஒழுகும் காதுகள்.

அரிதான நோய்தான். ஆனால் காசநோய் நம் ஊரில் அரிதில்லையே! நுரையீரலில் இருந்து சளியோடு தொண்டைக்கு வரும் கிருமி, தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் வழியே மேலே ஏறலாம். ரத்தம் வழியாகவும் வரலாம். இருமலே இல்லாதவருக்கும் வரும்.

சேலத்தில் இது கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். அம்மாபேட்டை, குகை பக்கம் தறி ஓட்டுபவர்கள் காது மந்தமானால் "தறிச் சத்தம் சார்" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். தறிச் சத்தம் கேட்கும் திறனைக் குறைக்கும், உண்மை. ஆனால் அது பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்துப் பாதிக்கும், சீழ் பிடிக்க வைக்காது. ஒரு காது மட்டும் ஒழுகி, வேகமாக மந்தமாகிக்கொண்டே போனால் தறியைக் குற்றம் சொல்லாதீர்கள். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் வேலை செய்பவர்களோ ஒரு நாள் கூலியை விட்டுத்தான் பஸ் பிடித்து மலையிறங்க வேண்டும். அதனால் முதலில் மருந்துக்கடைச் சொட்டு மருந்துதான்.

அந்தச் சொட்டு மருந்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. காதுக்கு அதிகம் விற்கும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். ஒழுகல் குறைவதுபோல இருக்கும், நிறுத்தினால் திரும்பும். பரிசோதனையில் கிருமி சிக்காமலும் போகலாம். ஆகவே சில வாரம் ஒழுங்காகப் போட்டும் காது காயவில்லை என்றால் அடுத்த பாட்டில் வாங்க வேண்டாம். பூண்டு காய்ச்சிய எண்ணெயும் கோழி இறகும் வேண்டவே வேண்டாம்.

நாங்கள் உள்ளே பார்க்கும்போது வெளிறிய சதை வளர்ந்திருக்கும். செவிப்பறையில் பல சிறு ஓட்டைகள் இருக்கும் என்று பாடத்தில் படிப்போம், ஆனால் நோயாளி வந்து சேர்வதற்குள் அவை ஒன்றாகிப் பெரிய ஓட்டையாகியிருப்பதும் உண்டு. கழுத்திலோ காதின் முன்னோ நெறிகட்டியிருக்கலாம். ஒழுகும் காதோடு முகம் ஒரு பக்கம் கோணினால், கண் மூட முடியாமல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சீழை மட்டும் சோதித்தால் பல நேரம் "இல்லை" என்றே வரும். சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: எடுத்த சதை முழுவதையும், அதைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடாதீர்கள். அதில் கிருமி செத்துவிடும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய முடியாது. ஒரு பாதியை சலைனில் (உப்புநீரில்) போட்டு, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்புங்கள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காகக் காதை விட்டுவிடவும் கூடாது.

உறுதியானால் மாத்திரைதான் சிகிச்சை. வழக்கமாக முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு 4 மாதம் மூன்று மருந்துகள், தினமும். எலும்பு அரித்திருந்தால் காலம் நீளலாம். அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கிலும் வருகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால்தான், பயப்பட வேண்டாம். மஞ்சள் காமாலை, பார்வை மங்கல் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

பலருக்கு ஒழுகல் மாத்திரையிலேயே நின்றுவிடும். காது காய்ந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத காசநோயாகத் திரும்பலாம். அப்புறம், இழந்த கேட்கும் திறன் முழுதாகத் திரும்பும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஓட்டையை அடைக்கும் அறுவை சிகிச்சையை மருந்து முடிந்து, காது நன்றாகக் காய்ந்த பிறகு யோசிக்கலாம். அதுவரை குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள். ஏரி, கிணற்றில் முங்கிக் குளிக்க வேண்டாம்.