கடைமடைக்குப் போய்ச் சேரும் மின்சாரம்

மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், தொலைவிலுள்ள இன்னோர் இடத்தோடு கம்பியில்லாமல் தரவு பரிமாறும் ஒரு வைஃபை ரேடியோ. கீழே மோட்டார் அறையில் அதற்கான அடாப்டர். நடுவே 95 மீட்டர் லேன் கேபிள். காலையில் மாட்டியபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மதியம் எதிர்முனையில் யாரோ வீடியோவைத் திறந்ததும் ரேடியோ அணைந்து, தானாக மறுபடி எழுந்தது. சில நிமிடங்களில் மீண்டும் அதேபோல. மூன்று நாள் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தோம். ரேடியோவையே மாற்றினோம். கடைசியில் மல்டிமீட்டரோடு மேலே ஏறியபோதுதான் விஷயம் பிடிபட்டது. கீழே கிளம்பியது 24 வோல்ட். ரேடியோ சும்மா இருக்கும்போது மேலே வந்தது 20. வீடியோ ஓடத் தொடங்கியதும் அது 17-க்குக் கீழே சரிந்தது, ரேடியோ அணைந்தது.

பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புரிவது எளிது. மதகில் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பது ஒரு கணக்கு, கடைமடை வயலுக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கணக்கு. ஆனால் உவமையில் ஒரு திருத்தம் வேண்டும். வாய்க்காலில் வழியிலேயே தண்ணீர் குறைந்துபோகும். கம்பியில் மின்னோட்டம் குறைவதில்லை. கீழே எத்தனை ஆம்பியர் நுழைகிறதோ அத்தனையும் மேலே போய்த் திரும்பி வந்துவிடும். வழியில் கரைவது அதைத் தள்ளுகிற அழுத்தம். அதைத்தான் வோல்ட்டில் அளக்கிறோம்.

ரேடியோவைக் கீழேயே வைத்துக்கொண்டு, ஆன்டெனாவை மட்டும் உச்சிக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றலாம். முன்பு அப்படித்தான் செய்தார்கள். அதிலுள்ள சிக்கல் உயர் அதிர்வெண். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தடிமனான நல்ல கோஆக்ஸ் கேபிளிலும் 20 மீட்டரில் சுமார் 7 டெசிபல் இழப்பு. கீழே ஊட்டிய சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆன்டெனாவுக்குக் கிடைக்கும். அதனால் ரேடியோவை ஆன்டெனாவின் முதுகிலேயே ஒட்டிவைத்துவிட்டு, தரவையும் மின்சாரத்தையும் ஒரே லேன் கேபிளில் மேலே அனுப்பும் வழக்கம் வந்தது. பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பி.ஓ.இ. என்பது இதுதான்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். ஊரே இருண்டு கிடக்கும் இரவிலும் வீட்டு லேண்ட்லைன் போனை எடுத்தால் டயல் டோன் கேட்குமே, நினைவிருக்கிறதா? பேச்சு வருகிற அதே இரண்டு கம்பிகளில்தான் மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் ஈய அமில செல்கள் 24-ஐ வரிசையாக இணைத்து 48 வோல்ட் வைத்திருப்பார்கள். கிலோமீட்டர் கணக்கில் ஓடும் மெல்லிய கம்பியில் போதிய அழுத்தம் வேண்டும். கம்பியைத் தொட்டுப் பழுதுபார்க்கிற ஆளின் உயிருக்கும் ஆபத்து வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவே நின்ற எண் அது. ஈதர்நெட்டில் மின்சாரம் அனுப்ப 2003-இல் 802.3ஏஎஃப் என்ற தரத்தை வகுத்தபோதும் இதே 48 வோல்ட்டை ஒட்டித்தான் அமைத்தார்கள்.

ஒரே கம்பியில் இரண்டும் எப்படிக் கலக்காமல் போகின்றன? லேன் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகள், ஒவ்வொரு ஜோடியும் முறுக்கப்பட்டது. தரவு என்பது ஒரு ஜோடியின் இரு கம்பிகளுக்கும் இடையிலான வித்தியாசம்: ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். மின்சாரத்தையோ இரு கம்பிகளிலும் சமமாக, ஒரே திசையில் அனுப்புகிறார்கள்; திரும்பி வருவது இன்னொரு ஜோடி வழியாக. கேபிளின் இரு முனைகளிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. அதன் சுருளின் நட்ட நடுவில் மின்சாரத்தை ஊட்டினால், இரு பாதியிலும் எதிரெதிராகச் சமமாக ஓடி, அது உண்டாக்கும் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துவிடும். இத்தனை எளிமையாக இரண்டு வேலைகளைப் பிரித்துவைத்த அந்த அமைப்பு எனக்கு இன்றும் வியப்புத்தான்.

முறையான பி.ஓ.இ. ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைப் பாய்ச்சாது. முதலில் 10 வோல்ட்டுக்குள் சிறிதாகத் தட்டிப் பார்க்கும். மறுமுனையில் 25 கிலோ ஓம் அளவில் மின்தடை தெரிந்தால்தான் மின்சாரம் கேட்கும் கருவி இருக்கிறது என்று முழு அழுத்தத்தைத் திறக்கும். ஆனால் வெளிப்புற ரேடியோக்கள் பலவற்றோடு வரும் 24 வோல்ட் அடாப்டரிடம் இந்த விசாரிப்பு கிடையாது. எதைச் செருகினாலும் அனுப்பிவிடும். மடிக்கணினியை மறந்தும் அந்த முனையில் செருகக்கூடாது.

இனி கணக்கு. சாதாரண கேட் 5இ கேபிளின் தாமிரக் கம்பி அரை மில்லிமீட்டர் தடிமன். 100 மீட்டருக்கு ஒரு கம்பியின் மின்தடை சுமார் 8.4 ஓம். போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி என்று பயன்படுத்தினால் போக 4.2, வர 4.2, மொத்தம் மறுபடியும் 8.4 ஓம். மேலே 12 வாட் தேவைப்படும் ரேடியோ இருக்கிறது என்போம். 24 வோல்ட்டில் ஊட்டினால் 0.65 ஆம்பியர் ஓடும், ரேடியோவுக்கு 18.6 வோல்ட் கிடைக்கும், மூன்றரை வாட் கேபிளைச் சூடாக்குவதில் போகும். அதே கேபிளில் 48 வோல்ட்டில் ஊட்டினால் 0.26 ஆம்பியர் போதும். ரேடியோவுக்கு 45.8 வோல்ட் கிடைக்கும், வீணாவது 0.6 வாட்டுக்கும் குறைவு. அழுத்தத்தை இரட்டித்ததற்கு இழப்பு ஆறில் ஒன்றாகிவிட்டது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து இழப்பு வளர்வதால் வரும் லாபம் இது. ஊருக்கு ஊர் மின்சாரம் கொண்டுபோக லட்சக்கணக்கான வோல்ட் தேவைப்படுவதும் இதே காரணத்தால்தான்.

தொட்டியின் மேல் எங்களை மூன்று நாள் அலைக்கழித்தது இதற்கு அடுத்த படி. பழைய குண்டு பல்புக்கு அழுத்தம் குறைந்தால் மங்கலாக எரியும், அவ்வளவுதான். ரேடியோ அப்படியல்ல. உள்ளே இருக்கும் மின்மாற்றுச் சுற்று தனக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது இழுத்துக்கொள்ளும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இன்னும் அதிக வோல்ட் கரையும். கரைந்தால் இன்னும் இழுக்கும். ஒரு எல்லைக்குள் இது எங்கோ ஓரிடத்தில் நிலைபெறும். எல்லையைத் தாண்டினால் சரிந்துகொண்டே போய் அணைந்துவிடும். அணைந்ததும் சுமை இல்லை, அழுத்தம் ஏறிவிடும், ரேடியோ மறுபடி எழும். அந்த எல்லையையும் கணக்கிடலாம்: ஊட்டும் வோல்ட்டின் வர்க்கத்தைக் கேபிள் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கேபிள் கொடுக்கக்கூடிய அதிகபட்சம். 24 வோல்ட்டுக்கும் 8.4 ஓமுக்கும் அது 17 வாட். அதற்கு மேல் ஒரு வாட்கூட வராது, அடாப்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். ரேடியோ சும்மா காத்திருக்கும்போது குறைவாகவும், மும்முரமாக அனுப்பும்போது அதிகமாகவும் மின்சாரம் தின்னும். அதனால்தான் பிங் அடித்தபோது, அதாவது இணைப்பு இருக்கிறதா என்று சிறு தகவல் அனுப்பிப் பார்த்தபோது, நல்ல பிள்ளையாக இருந்தது வீடியோ ஓடியதும் விழுந்தது.

ஆனால் 17 வாட் வரை தரக்கூடிய கேபிள் எங்களிடம் ஏன் தோற்றது? இறக்கிய கேபிளின் ஒரு முனையை உரித்து, கம்பியை நகவெட்டியால் சுரண்டியபோது சிவப்புத் தோலுக்குள் வெள்ளையாக இருந்தது. தாமிரப் பூச்சு கொடுத்த அலுமினியம். கடையில் சி.சி.ஏ. என்பார்கள். விலை குறைவு என்பதால் நிறைய விற்கிறது. அதன் தடை தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 100 மீட்டருக்குச் சுற்றுத்தடை ஏறக்குறைய 13 ஓம் வரும். 24 வோல்ட்டில் அதன் உச்சவரம்பு 11 வாட்தான். 12 வாட் ரேடியோ அதில் ஒருபோதும் நிற்காது. அலுமினியம் நாலு தடவை வளைத்தால் முறிந்தும் போகும். உயரத்தில் காற்றில் ஆடும் கேபிளுக்கு அதைப் பயன்படுத்துவது தவறு என்று அழுத்தியே சொல்கிறேன்.

வெயிலும் கணக்கில் சேரும். தாமிரத்தின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.4 சதவீதம்போல ஏறும். கறுப்புக் கேபிள் உச்சிவெயிலில் 60 டிகிரிக்குப் போனால் 8.4 ஓம் 9.7 ஆகிவிடும், நல்ல தாமிரத்திலும் அந்த 18.6 வோல்ட் 17.2 ஆக இறங்கும். இரவில் ஓடி மதியம் விழும் இணைப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியிருந்தும் கறுப்பு உறையைத்தான் வாங்க வேண்டும். அதிலுள்ள கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தடுத்து, உள்ளே இருக்கும் பாலிதீனைக் காக்கிறது. வீட்டுக்குள் ஓட்டும் சாம்பல் நிற பி.வி.சி. கேபிளை மொட்டைமாடியில் விட்டால் சில கோடைகளில் வெடித்துப்போகும். வெடிப்பில் தண்ணீர் புகும். மின்புல ஆற்றலை ஒரு பொருள் எவ்வளவு தேக்கும் என்பதைக் காட்டும் மின்கடவு எண் பாலிதீனுக்கு 2.3, தண்ணீருக்கு 80-ஐ ஒட்டியது. ஜோடிகளுக்கு நடுவே நீர் புகுந்தால் தரவுக் குறிகை உருக்குலைந்துவிடும். புகுந்த நீர் உறைக்குள்ளேயே வழிந்து கீழே ஸ்விட்ச் வரை வந்து சொட்டும். ரேடியோவுக்கு முன்னால் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிடுவது, மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப்போகத்தான்.

நனைந்த கனெக்டரில் இன்னொன்றும் நடக்கும். நேர்மின்சாரமும் ஈரமும் சேர்ந்தால் மின்பகுப்பு. நேர்முனைக் கம்பியின் உலோகம் கரைந்து பச்சைப் பூச்சாகப் படியும். வழக்கமான 24 வோல்ட் அமைப்பில் 4, 5 எண் முட்களில் நேர்முனை, 7, 8-இல் எதிர்முனை. பழைய கனெக்டரைக் கழற்றினால் 4, 5 பச்சை பூத்து நிற்கும். தொலைபேசிக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் நேர்முனையைப் பூமியோடு இணைத்து, கம்பியை எதிர்முனையாக வைத்தது இந்த அரிப்பைக் குறைக்கத்தான்.

மின்சாரத்துக்கு வோல்ட்டை ஏற்றி வழி தேடலாம். தரவுக்கு 100 மீட்டர்தான் எல்லை. 100 மெகாஹெர்ட்ஸில் கேட் 5இ கேபிள் 100 மீட்டரில் 22 டெசிபல்வரை இழக்கலாம். சக்தியில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதற்கு மேல் நீட்டினால் கிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டாக இறங்கும், பிறகு பிழைகள் பெருகும். தூரம் கூடினால் ஆப்டிகல் ஃபைபரும் தனி மின்கம்பியுமே சரி.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நீண்டதூர வைஃபை மூலம் கிராமக் கண் பரிசோதனை மையங்களை மருத்துவர்களோடு இணைத்தார்கள். ஊரில் உட்கார்ந்தபடியே நோயாளி, தேனியிலிருக்கும் மருத்துவரிடம் வீடியோவில் பேசினார். அந்த அனுபவத்தைப் பற்றி 2008-இல் அவர்கள் எழுதியபோது, ரேடியோ அலையைவிட மின்சாரத்தின் தரத்தையே பெரிய தொல்லையாகக் குறிப்பிட்டார்கள்.

அந்தத் தொல்லையின் உச்சம் இடி. டவரிலேயே விழவேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலும் அதன் காந்தப்புலம் நீண்ட கேபிளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். ஈதர்நெட் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமாறு சோதிக்கப்படுவது 1500 வோல்ட்டுக்குத்தான். உலோக உறை போட்ட கேபிள், அந்த உறையிலிருந்து நல்ல எர்த்துக்கு இணைப்பு, மேலும் கீழும் ஒவ்வொரு சர்ஜ் பாதுகாப்பான். இந்த மூன்றில் எதையும் விட்டுவிடக்கூடாது. தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தாமிரமே வேண்டாம், ஃபைபர் போடுங்கள்.

இப்போதெல்லாம் கேபிளை மேலே ஏற்றும் முன் தரையிலேயே சோதித்துவிடுகிறேன். முழு நீளத்தையும் வெயிலில் விரித்து, இரு முனையிலும் கனெக்டர் அடித்து, ரேடியோவை மாட்டி, பெரிய கோப்பு ஒன்றை ஓடவிடுகிறேன். ஓடும்போதே ரேடியோ முனையில், மின்சாரம் வரும் நீல ஜோடிக்கும் அது திரும்பும் பழுப்பு ஜோடிக்கும் நடுவே மீட்டரை வைக்கிறேன். தொட்டி மேலிருந்த ரேடியோ இப்போது முழுத் தாமிரக் கேபிளில், அதே 24 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. அதற்கு முன் தரையில் வைத்து அளந்தபோது, வீடியோ ஓடும் நேரத்தில் மீட்டர் காட்டியது 20 வோல்ட்.