சுருள்முடி வளராது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்

கடந்த மாதம் ஒரே வாரத்தில் மூன்று பெண்கள், ஏறத்தாழ ஒரே குறையோடு, தெற்கு லண்டனில் நான் பணிபுரியும் தோல் மருத்துவப் பிரிவுக்கு வந்தார்கள். மூவரும் கறுப்பினத்தவர்கள். மூன்றாவதாக வந்தவர் நைஜீரியக் குடும்பத்தைச் சேர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவி. தலையில் கட்டியிருந்த துணியை என் முன்னால் அவிழ்ப்பதற்கே அவர் வெகுநேரம் தயங்கினார். இரண்டு நெற்றிப்பொட்டுகளின் மேலும் முடிக்கோடு மூன்று விரற்கடை அளவுக்குப் பின்வாங்கியிருந்தது. 14 வயதில், முடி மெலியத் தொடங்கியபோதே, அவருடைய தாயார் அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார். "உங்கள் வகை முடி அப்படித்தான், அதிகம் வளராது" என்ற பதிலோடு அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் ஏதாவது ஒரு நாள் யாராவது அவருடைய இறுக்கமான பின்னலைத் தளர்த்தச் சொல்லியிருந்தால், அந்தப் பெண்ணின் நெற்றியோர முடி இன்றும் இருந்திருக்கும்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் மருத்துவர்களாகவும் தாதியராகவும் மருந்தாளர்களாகவும் இருக்கும் தமிழர்கள் நாள்தோறும் இத்தகைய நோயாளிகளைப் பார்க்கிறார்கள். தாயோ தந்தையோ ஆப்பிரிக்க அல்லது கரீபிய வம்சாவளியினராக இருக்கும் பேரக்குழந்தைகளுக்குத் தலைவாரிவிடும் தமிழ்ப் பாட்டிமாரும் என் அறைக்கு வருகிறார்கள். அந்த முடி வளராத முடி என்ற நம்பிக்கையை இந்த இரு சாராரிடமும் நான் மாறாமல் காண்கிறேன்.

அது முழுத் தவறு. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி நாளொன்றுக்குச் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் வளர்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். ஐரோப்பியரின் முடி ஆண்டுக்கு 14 சென்டிமீட்டர் வரை வளர்வதால் இது மெதுவானது என்று சொல்லலாமே தவிர, வளரவில்லை என்று சொல்ல இடமில்லை. ரிலாக்ஸர் என்ற ரசாயனக் களிம்பைப் போட்டு முடியை நேராக்கிக்கொள்ளும் பெண்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அதைப் பூசிக்கொள்வதை எல்லோரும் அறிவார்கள். வேரை ஒட்டிப் புதிதாகச் சுருள்முடி முளைத்து வந்துவிடுவதால்தானே அது தேவைப்படுகிறது? வளராத முடிக்கு அந்த வேலையே இருக்காது. அதற்குமேல், சுருள் தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள முடி, காய்ந்தபின் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டராகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஓர் இழையை மெல்ல நீட்டிப் பார்க்காமல் அதன் நீளத்தைப் பற்றி யாரும் தீர்ப்பு வழங்கக் கூடாது.

வளரும் முடி ஏன் தோளைத் தொடுவதில்லை என்றால், வேரில் வளரும் வேகத்திலேயே அது நுனியில் முறிகிறது என்பதே விடை. வரவுக்குச் சமமாகச் செலவு இருக்கும் வீட்டில் சேமிப்பு தங்காது. அந்த முடியின் குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கிறது. இழை திரும்பும் ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்குவதுபோல் இந்த வளைவுகளில் இறங்குவதில்லை. இழைகள் ஒன்றோடொன்று பின்னி முடிச்சு விழுகின்றன. காய்ந்த நிலையில் மெல்லிய பல் சீப்பை வைத்து இழுத்தால் அந்த முடிச்சுகளிலேயே அறுபடுகின்றன. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சீப்பில் வந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெண்ணிறக் குமிழ் இருந்தால் அது ஆயுள் முடிந்து வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாத குட்டையான துண்டுகளாக இருந்தால் அவை முறிந்தவை. அதற்குச் சத்துமாத்திரை எதுவும் பயன்படாது, கையாளும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

மாத்திரை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் பயோட்டின் என்ற வைட்டமினை விழுங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். உடலில் பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. ஆனால் அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றைக் கண்டறியும் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது பிறழச் செய்யும். இதுபற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரிக்கையே வெளியிட்டது. இரத்தம் எடுக்கும் முன் அதைச் சாப்பிடுவதாகத் தயவுசெய்து சொல்லுங்கள்.

இனி அந்த மாணவியின் நோய்க்கு வருகிறேன். இறுக்கமான பின்னல், கொண்டை, வேரோடு சேர்த்துத் தைக்கும் ஒட்டுமுடி போன்றவற்றால் மயிர்க்கால்கள் ஓயாது இழுபடுவதால் வரும் வழுக்கை இது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நொன்ஹ்லான்ஹ்லா குமாலோவும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஆப்பிரிக்கப் பள்ளிச் சிறுமியரில் 17 விழுக்காட்டினருக்கும் வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கும் இது இருந்தது. ஆண்களில் இரண்டு விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது. இனம்தான் காரணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இத்தனை வேறுபாடு எப்படி வரும்? இந்த வகை வழுக்கை கிரீன்லாந்துப் பெண்களிடம் 1907இலேயே விவரிக்கப்பட்டிருக்கிறது. முடியை இறுக முடிந்து தலைப்பாகை கட்டும் சீக்கிய ஆண்களிடமும் காணப்படுகிறது. இழுத்தால் யாருக்கும் வரும்.

முதலில் வலி வரும். பின்னி முடித்த அன்றிரவு தலையணையில் தலைவைக்க முடியவில்லை என்றால் அதைப் புதுப் பின்னலின் இயல்பான வலி என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து, முடிக்கோட்டை ஒட்டிச் சிறு கொப்புளங்கள் தோன்றும். பின்னலின் வேரில் தலைத்தோல் கூடாரம்போல் மேலே இழுபட்டு நிற்கும். இந்தக் கட்டத்தில் அவிழ்த்துவிட்டால் முடி திரும்பிவிடும். அதைக் கடந்தபின், நெற்றியோரத்தில் மெல்லிய ஒற்றை வரிசை முடி மட்டும் கரைபோல எஞ்சி, அதன் பின்னால் தோல் வெளிப்படும். பல ஆண்டுகள் இழுபட்டபின் மயிர்க்கால் வடுவாகிவிடுகிறது. வடுவிலிருந்து முடி முளைக்காது. பின்னுபவரிடம் "வலிக்கிறது, தளர்த்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பின்னலை இரண்டு மூன்று மாதத்துக்கு மேலும், தைத்த ஒட்டுமுடியை எட்டு வாரத்துக்கு மேலும் வைத்திருக்காதீர்கள். அவிழ்த்தபின் உடனே மறுபடி பின்னாமல் தலைக்குச் சில வாரமாவது ஓய்வு கொடுங்கள். ரிலாக்ஸர் போட்ட அதே நாளில் இறுகப் பின்னுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ரசாயனத்தால் தளர்ந்த இழையின் மீது இழுவையும் சேரும்போது சேதம் மிக அதிகம் என்பதை அதே கேப் டவுன் ஆய்வுகளும் காட்டுகின்றன.

இந்த ஒட்டுமுடியில் ஒரு பகுதி நம் பக்கத்திலிருந்தே போகிறது. திருப்பதியிலும் பழநியிலும் காணிக்கையாக இறக்கிய முடி ஏலத்தில் விற்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, கடல் கடந்து லண்டன் பெக்கத்திலும் பிரிக்ஸ்டனிலும் உள்ள கடைகளில் தொங்குகிறது. நம் பாட்டிமார் சவுரி வைத்துப் பின்னியது இரவில் அவிழ்த்துவைக்கும் சவுரி. இங்கே அது வாரக்கணக்கில் இரவும் பகலும் வேரில் தொங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ரிலாக்ஸரைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள், நான் அதை அடியோடு கண்டிப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் கண்டிப்பதில்லை. இயற்கை முடியோடு போனால் வேலை கிடைக்காது, பள்ளியில் தண்டனை கிடைக்கும் என்ற நிலையில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் முடிவு அது. பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பள்ளியின் மாணவியர் தங்கள் இயற்கை முடிக்காகப் போராட வேண்டியிருந்தது 2016இல்தான். முடியைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதைக் கலிபோர்னியா சட்டத்தால் தடுத்தது 2019இல்தான். அவரவர் தலை, அவரவர் விருப்பம். ஆனால் செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

அந்தக் களிம்பின் காரத்தன்மை பி.எச். அளவில் 12ஐத் தாண்டியது. சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, உள்ள வகை ஒன்று. அது இல்லை என்று பெட்டியில் எழுதி விற்கும் வகை மற்றொன்று. இரண்டாவதை மென்மையானது என்று நம்பிப் பலர் வீட்டில் தாங்களே பூசிக்கொள்கிறார்கள். அதில் குவானிடின் ஹைட்ராக்சைடு வேலை செய்கிறது; அதுவும் கடும் காரம்தான், கூடவே கால்சியம் படிந்து முடியை வறட்டுகிறது. எந்த வகையானாலும், பூசும் முன் சில நாட்கள் தலையைச் சொறியவோ கழுவவோ கூடாது. தலைத்தோலுக்கும் காதோரத்துக்கும் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வைக்கக் கூடாது. எரிச்சல் தொடங்கினால் உடனே கழுவிவிட வேண்டும். இறுதியில் காரத்தை முறிக்கும் ஷாம்பு கட்டாயம். அடுத்த முறை, எட்டு வாரத்துக்குக் குறையாத இடைவெளிக்குப் பின், புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும் பூசுங்கள். ஏற்கெனவே நேராக்கிய பகுதியின் மேல் மறுபடி இழுத்துப் பூசுவதால்தான் முடி கற்றை கற்றையாக முறிகிறது. நேராக்கிய முடிக்கு வெளுப்புச் சாயம் வேண்டாம். தியோகிளைகோலேட் கொண்டு சுருளாக்கும் மருந்தை அதன்மேல் ஒருபோதும் போடாதீர்கள். இரண்டும் ஒரே தலையில் சேர்ந்தால் முடி கையோடு வந்துவிடும். சிறுமியர் தலையில் இவற்றைப் பூசவே வேண்டாம் என்று தாய்மாரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

புற்றுநோய் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 33,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தாதவர்களில் 1.64 விழுக்காட்டினருக்கும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காட்டினருக்கும் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்று கணக்கிட்டார்கள். இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. பீதி தேவையில்லை, ஆனால் ஆண்டுக்கு எத்தனை முறை என்பதைக் குறைக்க இது போதிய காரணம்.

அன்றாடப் பராமரிப்பில் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை எண்ணெயில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் நல்ல பொருள்தான். கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது. ஆனால் எண்ணெய் ஈரம் ஆகாது. முதலில் தண்ணீர், பிறகு கண்டிஷனர், ஈரம் இருக்கும்போதே அதன்மேல் சிறிது எண்ணெய் என்ற வரிசையில் போனால்தான் முடி வறளாது. பொடுகும் அரிப்பும் உள்ள தலைத்தோலில் எண்ணெயைத் தேய்க்காதீர்கள். அங்கே வாழும் பூஞ்சைக்கு அது தீனி. கழுவினால் முடி கொட்டும் என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் கழுவாமல் இருப்பதும் தவறு. வாரத்துக்கொரு முறை அல்லது இரு வாரத்துக்கொரு முறை போதும், பின்னல் போட்டிருந்தாலும் கழுவ வேண்டும். சிக்கெடுப்பது கண்டிஷனர் தடவிய ஈர முடியில், அகலப் பல் சீப்பால் அல்லது விரல்களால், நுனியில் தொடங்கி வேரை நோக்கி. சூடான கருவி வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தூங்கும்போது பருத்தித் தலையணையில் முடி உராயாமல் சாட்டின் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

குழந்தையின் தலையில் செதிலும், திட்டுத்திட்டாக முடியிழப்பும், பின்கழுத்தில் நெறிக்கட்டியும் சேர்ந்து இருந்தால் அது பொடுகு அல்ல, படர்தாமரை என்றே கருதிப் பரிசோதியுங்கள். லண்டன் குழந்தைகளிடம் இது சாதாரணம். களிம்பால் தீராது, வாய்வழி மருந்து வேண்டும். நடுத்தர வயதுப் பெண்ணுக்கு உச்சந்தலையில் தொடங்கி வட்டமாக விரியும் வழுக்கை இருந்தால் அதுவும் அவசரம்தான். அந்த வடு வழுக்கைக்குச் சூட்டுச் சீப்பே காரணம் என்று முன்பு அந்தப் பெண்களைக் குறைசொன்னார்கள். சிலருக்கு அதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்பது 2019இல் தெரியவந்தது.

சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், பின் தொட்டுப் பாருங்கள். துணியையும் ஒட்டுமுடியையும் அகற்றிவிட்டு வரும்படி முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குத் தனி அறையும் நேரமும் கொடுங்கள். வலி இருக்கிறதா, எப்போது கடைசியாகப் பின்னினீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு அரை நிமிடம் போதும்.

அந்த மாணவி பின்னலை அவிழ்த்துவிட்டு மருந்து தடவத் தொடங்கியிருக்கிறார். உருப்பெருக்கியில் பார்த்தபோது வலப்பக்கம் மயிர்க்கால் துளைகள் இன்னும் தெரிந்தன. அங்கே முடி திரும்பும் என்று அவரிடம் சொல்ல முடிந்தது. இடப்பக்கத்தில் உள்ளங்கையின் பாதி அளவுக்குத் தோல் மழமழவென்று இருக்கிறது. அங்கே தடவுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.