ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இழுப்பு

யாழ்ப்பாணத்தில் யாருக்காவது மூச்சு இழுத்தால் 'முட்டு' (ஆஸ்துமா) என்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் முட்டு என்றால் நெஞ்சின் இரண்டு பக்கமும் விசில் கேட்கும். ஒரே பக்கத்தில், எப்போதும் ஒரே இடத்தில் கேட்கிறது, பம்ப் அடித்தும் குறையவில்லை, இடைக்கிடை சளியோடு இரத்தமும் வருகிறது என்றால் மூச்சுக்குழாய்க்குள் எதுவோ அடைத்திருக்கலாம். சுருட்டையோ பீடியையோ தொடாத இளவயதினருக்கும் இப்படி வருவதுண்டு. அடைப்பவற்றில் ஒன்று 'கார்சினொய்ட்' என்ற கட்டி. நுரையீரல் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இது.

சின்னக் கட்டி என்றால் எக்ஸ்ரேயில் தப்பிவிடும், சீ.ரி. ஸ்கானில் பிடிபடும். பிறகு கமரா பூட்டிய மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். மாதுளை முத்துப் போலச் சிவந்து, வழுவழுப்பாக மினுங்கிக்கொண்டிருக்கும். இரத்த ஓட்டம் கூடிய கட்டி, கிள்ளினால் இரத்தம் பெருகும். அதற்கு ஆயத்தமாக இருந்துகொண்டுதான் குறுணியளவு சதை எடுப்பார்கள்.

உண்மையான வேலை இனித்தான். அந்தக் குறுணியை ஃபோமலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, 4 மைக்ரோன் தடிப்பில் சீவுவார்கள். ஒரு மில்லிமீற்றரில் 250 சீவல்! சாயம் போட்டால் கருக்கள் நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. கிள்ளும்போது நசுங்கிய கார்சினொய்ட் கலங்கள் கருநீலமாக இழுபட்டுக் கிடக்கும். வேகமாகப் பரவும் 'சிறுகலப் புற்றுநோய்' பார்வைக்கு அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால், 'சினாப்டோஃபைசின்' என்ற சாயச் சோதனையில் இரண்டுமே கபில நிறம் காட்டும். அதனால் 'கே.ஐ. 67' என்ற இன்னொரு சாயமும் வேண்டும். பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் கலங்களை மட்டும் அது நிறமாக்கும். சாதாரண கார்சினொய்ட்டில் நூறு கலங்களில் ஐந்துகூடத் தேறாது. சிறுகலப் புற்றிலோ பாதிக்கு மேல் நிறம் பிடித்துவிடும்.

இரண்டையும் மாறிக் கணித்தால் வைத்தியமே மாறிவிடும். கார்சினொய்ட்டுக்குச் சத்திரசிகிச்சை, பலருக்கு அதோடு குணம். சிறுகலப் புற்றுக்குப் பெரும்பாலும் மருந்தேற்றலும் கதிர்ச்சிகிச்சையும். கார்சினொய்ட்டிலும் சாதுவானது எது, கொஞ்சம் முரடானது எது என்பது கட்டியை முழுதாக வெட்டி எடுத்த பிறகே உறுதியாகும். 2 சதுர மில்லிமீற்றரில் பிரியும் கலங்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள்: இரண்டுக்குக் குறைவாக இருந்து, செத்த திட்டுகளும் இல்லையென்றால் சாது.

ஆகவே 'நுரையீரல் புற்றுநோய்' என்பது பாதி விடைதான் என்பேன். என்ன வகை, எந்தச் சாயத்தால் முடிவெடுத்தீர்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. அந்த விடையும் தமிழில் கிடைக்க வேண்டும்.

தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் கடதாசியோடு நில்லாமல், மெழுகுக்கட்டியும் சிலைடுகளும் எங்கே இருக்கின்றன என்றும் கேட்டு வையுங்கள். மெழுகுக்குள் சதை பல வருடம் கெடாது. சந்தேகம் வந்தால், மிச்சமிருக்கும் சதையில் இன்னொரு சீவல் எடுத்து இன்னொரு சாயம் போட்டுப் பார்க்கலாம்.